இர்மா எழுதிக் கொடுத்த காலை உணவு

இர்மா லாந்தோ எனக்குத் தெரிந்து தன் ஆயுளில் ஒரே ஒரு பொய்தான் சொன்னாள். அதையும் வாயால் சொல்லவில்லை, பென்சிலால் எழுதிக் கொடுத்தாள். அந்தப் பொய் இன்னமும் பல்கலைக்கழகத்தில் ஏதோ ஒரு அலமாரியில் பத்திரமாக இருக்கிறது. அதை மாற்றச் சொல்லி அவள் பட்ட பாட்டைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். என் பெயர் லிஸ்பெத். வடக்கே பனி விழும் இரும்பாலை ஊரான ஸ்டென்விக்கில் நகரப் பேருந்து ஓட்டுகிறேன். அவளோடு ஒன்பது வருடம் ஒரே வகுப்பில் படித்தவள். அந்தப் பொய்யில் எனக்கும் பங்கு உண்டு, என் அம்மாவுக்கும் உண்டு.

1981, மார்ச் மாதம். நாங்கள் ஒன்பதாம் வகுப்பு. பல்கலைக்கழகத்திலிருந்து இரண்டு பேர் வந்து ஆளுக்கொரு மஞ்சள் படிவம் கொடுத்தார்கள். பதினாறு வயதில் நாங்கள் எப்படி வாழ்கிறோம் என்று தெரிந்துகொள்ளப் போகிறார்களாம். அதோடு விடமாட்டார்களாம், கிழடாகும்வரை பின்தொடர்ந்து வந்து என்ன ஆனோம் என்று பார்ப்பார்களாம்.

"நீங்க எழுதறத உங்க வீட்லயும் பாக்க மாட்டாங்க, டீச்சரும் பாக்க மாட்டாங்க. உள்ளதை உள்ளபடி எழுதுங்க" என்றாள் வந்தவர்களில் ஒருத்தி.

எங்கள் ஊரில் அது போதும். முத்திரை குத்திய தாளைக் கொடுத்தால் மனதில் இருப்பதையெல்லாம் கொட்டிவிடுவோம். பக்கத்து வீட்டுக்காரரிடம்தான் வாயைத் திறக்க மாட்டோம்.

இர்மாவும் உள்ளதை உள்ளபடிதான் எழுதினாள். புகை பிடிப்பதுண்டா? நாளுக்குப் பத்து சிகரெட். குடித்ததுண்டா? உண்டு, மூன்று முறை, ஒரு முறை வாந்தி. எத்தனை மணிக்குத் தூங்குவாய்? அதற்கும் உண்மை. பதினேழாவது கேள்விக்கு வந்ததும் நின்றுவிட்டாள். "இன்று காலை என்ன சாப்பிட்டாய்? எல்லாவற்றையும் எழுதவும்." பென்சிலைக் கொஞ்ச நேரம் கடித்தாள். பிறகு மடமடவென்று எழுதினாள். நான் பக்கத்தில் இருந்ததால் எட்டிப் பார்த்தேன்.

ஓட்ஸ் கஞ்சி, பால். மொறுமொறு ரொட்டி இரண்டு, வெண்ணெய், சீஸ். நாலு நிமிடம் வேகவைத்த முட்டை, அதன்மேல் மீன்முட்டை விழுது. ஒரு கோப்பை கோகோ.

"ஏய், இது எங்க வீட்டுச் சாப்பாடுடீ" என்று காதில் கிசுகிசுத்தேன்.

"தினமும் நீ திங்கற, நான் மோந்து பாக்கறேன். ரெண்டு பேரும் சேர்ந்துதானே முடிக்கறோம், மகாராணி?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டீச்சர் மேசையைத் தட்டும்வரை சிரித்தேன். அதை நினைத்தால் இப்போது என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

இர்மாவின் வீடு இரும்பாலைக் குடியிருப்பு வரிசையில் கடைசி வீடு. ஓர் அறை, ஒரு சமையலறை. அவள் அம்மா பின்லாந்துக்குத் திரும்பிப் போனவள், போனவள்தான். அப்பா உலையில் வேலை பார்த்தார், பெரும்பாலும் இரவு ஷிப்ட். அறையை மகளுக்கு விட்டுவிட்டு அவர் சமையலறையில் மரச் சோபாவில் படுத்துக்கொள்வார். எங்கள் பக்கத்து வீடுகளில் அது ஒன்று இருக்கும், பகலில் உட்கார, பலகையை இழுத்தால் படுக்கை. காலை ஆறரைக்கு வந்து விழுந்தால் குண்டு போட்டாலும் எழமாட்டார் என்று நினைக்க வேண்டாம். ஒரு கரண்டி விழுந்தால் எழுந்துவிடுவார். எழுந்தால் பிறகு தூக்கம் வராது, தூக்கம் வராமல் அன்றிரவு உலை முன்னால் நிற்க முடியாது. கெட்ட மனிதரில்லை. மகளை ஒரு அடி அடித்ததில்லை. ஆனால் பிரிட்ஜ் அவர் தலைமாட்டில் இருந்தது, அதன் கதவு கிறீச்சிடும். அதனால் அந்த வீட்டில் காலையில் சமையலறை என்ற ஒன்று கிடையாது. இர்மா காலுறையோடு ஓசைப்படாமல் நடந்து, பூட்ஸைக் கையில் தூக்கிக்கொண்டு வெளியே வந்து, படிக்கட்டில் உட்கார்ந்து மாட்டிக்கொள்வாள். அங்கிருந்து நேராக எங்கள் வீட்டுக்கு, சேர்ந்து பள்ளிக்குப் போக.

ஏழேகாலுக்கு மணி அடிக்கும். அம்மா கதவைத் திறப்பாள். என் அம்மா பெயர் டாக்னி.

"வா இர்மா. ஷூவைக் கழட்டிட்டு இப்படி உக்காரு. லிஸ்பெத் சாப்ட்டுட்டு வந்துடுவா."

இதே வார்த்தைகள், தினமும். முன்நடையில் செருப்பு கழற்ற ஒரு பெஞ்சு இருந்தது. இர்மா அதில் உட்காருவாள். சமையலறைக் கதவு பாதி திறந்திருக்கும். நாங்கள் நாலு பேர் உள்ளே மேசையைச் சுற்றி, அப்பா, அம்மா, நான், தம்பி. அவள் நடையில், மடியில் பையை வைத்துக்கொண்டு. கோகோ மணம் அங்கே வரை போகும், சந்தேகமே வேண்டாம்.

இதைப் படிக்கும் வேற்றூர்க்காரர்கள் இப்போது என் அம்மாவைத் திட்டத் தொடங்கியிருப்பீர்கள். திட்டுங்கள். ஆனால் அந்தத் தெருவில் எந்த வீட்டுக்குப் போனாலும் அதுதான் நடந்திருக்கும். மத்தியானம் காபிக்கு வந்தால் ஏழு வகை பிஸ்கட்டை அடுக்கி, தின்னாமல் விடமாட்டோம். சாப்பாட்டு வேளை வேறு. அது அந்தந்த வீட்டுக்கு உரியது. அடுத்த வீட்டுப் பிள்ளைக்குத் தட்டு வைத்தால், உன் வீட்டில் உனக்குப் போட ஒன்றுமில்லை என்று அந்த அப்பன் முகத்தில் அடித்த மாதிரி. பல வீடுகளில் பிள்ளைகளை மாடிப்படியிலேயே நிறுத்துவார்கள். மைனஸ் முப்பதில் இர்மாவை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்ததே பெருந்தன்மை என்று அம்மாவுக்கு நினைப்பு. எனக்கும் அப்படித்தான். நானும் அந்த வீட்டில் பிறந்தவள்தானே.

எட்டாம் வகுப்பில் ஒரு நாள் இர்மாவின் வயிறு இரைந்தது. சாதாரண இரைச்சல் இல்லை, நடையிலிருந்து சமையலறைவரை கேட்டது. தம்பி கஞ்சியைத் துப்பும்படி சிரித்தான். அப்பா செய்தித்தாளை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டார். அம்மா தம்பியை ஒரு முறை முறைத்தாள். பிறகு எழுந்துபோய், "குளிர் வருது" என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள். இர்மாவுக்குச் சங்கடமாக இருக்கக்கூடாதாம். அன்று முதல் கதவைச் சாத்திவிட்டுச் சாப்பிட்டோம். அதற்குள் அவளுக்குப் பட்டியல் மனப்பாடம்.

பள்ளியில் அவள் எப்படி இருந்தாள் என்று கேட்டால், முதல் இரண்டு மணி நேரம் இல்லவே இல்லை என்பேன். உட்கார்ந்திருப்பாள், கண் திறந்திருக்கும், கணக்கு வாத்தியார் கரும்பலகையில் எழுதியதில் ஒன்றும் உள்ளே போகாது. முதல் இடைவேளையில் சைக்கிள் கொட்டகைக்குப் பின்னால் இரண்டு சிகரெட். "இது பசியை அடக்கும்டீ, டாக்டருங்களுக்கே தெரியாது" என்பாள். எதிரில் இருந்த பெட்டிக் கடையில் உப்பு அதிமதுர மிட்டாய் ஒரு பை, ஒரு கோலா. பதினொன்றுக்குப் பள்ளியில் இலவசச் சாப்பாடு. அங்கே போனால் மூன்று தட்டு. நாங்கள் யாரும் தொடாத, பன்றி ரத்தத்தில் செய்த புட்டைக்கூட ஜாமோடு வழித்துத் தின்பாள்.

"லாந்தோகிட்டக் குடுங்கடா, தட்டையும் சேத்து முழுங்கிடுவா!" என்று பையன்கள் மிச்சத்தைக் கொண்டுவந்து அவள் தட்டில் கொட்டுவார்கள்.

"நன்றி, நன்றி. உங்கம்மா சமையலை விட நல்லாயிருக்கு" என்பாள் அவள், வாயை மூடாமலே.

பனிச்சறுக்கு நாளில் மூன்றாவது கிலோமீட்டரில் தொப்பென்று பனியில் உட்கார்ந்துவிட்டாள். உதடு வெளுத்திருந்தது. விளையாட்டு வாத்தியார் சறுக்கிக்கொண்டு வந்து நின்றார். "ஊரைச் சுத்தறதுக்கு மட்டும் கால் இருக்கு, இதுக்கு இல்ல. சோம்பேறி." காலையில் சாப்பிடவில்லை என்று அவள் யாரிடமும் சொல்லி நான் கேட்டதில்லை. புகை பிடிப்பதைப் பீற்றிக்கொள்ளலாம், குடித்ததைப் பீற்றிக்கொள்ளலாம். பசி என்று சொன்னால் கேவலம். பதினேழாவது கேள்வியில் அவள் பென்சிலைக் கடித்தது அதனால்தான்.

அதற்கப்புறம் அவள் கதை நீளமில்லை. மேற்படிப்புக்கு மதிப்பெண் வரவில்லை. பதினெட்டு வயதில் நகராட்சியில் வீட்டு உதவியாளர் வேலைக்குச் சேர்ந்தாள், தனியாக இருக்கும் வயதானவர்களின் வீடுகளுக்குக் காலையில் போய் எழுப்பி, மருந்து கொடுத்து, காலை உணவு செய்து வைக்கும் வேலை. முப்பது வருடம் அதைச் செய்தாள். ஒரு காலையில் ஏழு வீடு, ஏழு கஞ்சி. அவள் வாயில் மத்தியானம்வரை கறுப்புக் காபியும் சிகரெட்டும் தவிர ஒன்றும் போகாது. அப்பா இறந்து, பிரிட்ஜ் மாறி, சோபாவைக் குப்பையில் போட்டும் பல வருடம் ஆகியிருந்தது. இப்போது யார் தடுத்தார்கள்? யாரும் தடுக்கவில்லை. வயிறு அப்படிப் பழகிவிட்டது. காலையில் பட்டினி, மாலையில் வீட்டுக்கு வந்ததும் நின்றபடியே ஒரு நாளைக்கானதைத் தின்பது. கல்யாணம் ஒன்று செய்து இரண்டு வருடத்தில் விட்டாள். "அவனுக்குக் காலைல பேசணும்டீ, எனக்குக் காலைலன்னா யாரையும் புடிக்காது" என்றாள், அவ்வளவுதான் விளக்கம்.

பல்கலைக்கழகம் சொன்னபடி பின்தொடர்ந்தது. பதினெட்டில், முப்பதில், நாற்பத்திரண்டில் கடிதம் வந்தது. இர்மா ஒன்றுக்கும் பதில் போடாமல் விட்டதில்லை. நாற்பத்திரண்டில் ரத்தம் எடுத்தார்கள், இடுப்பை அளந்தார்கள். சர்க்கரை, கொழுப்பு, ரத்த அழுத்தம், எல்லாம் எல்லை தாண்டியிருந்தன.

சில வருடம் கழித்து ஆய்வின் முடிவு எங்கள் உள்ளூர்ப் பத்திரிகையில் வந்தது. பதினாறு வயதில் காலையில் சரியாகச் சாப்பிடாதவர்களுக்கு நடுவயதில் வயிற்றுச் சதையும் சர்க்கரையும் அதிகமாக இருந்ததாம். அவர்களே புகை பிடித்தவர்களாகவும், குடித்தவர்களாகவும், உடற்பயிற்சி இல்லாதவர்களாகவும் இருந்தார்களாம். அதையெல்லாம் கழித்துப் பார்த்தாலும் காலைச் சாப்பாட்டுக்குத் தனியாக ஒரு பங்கு இருந்ததாம். நான் என் பேருந்தில் இடைவேளையில் அதைப் படித்துக்கொண்டிருந்தபோதே இர்மா போன் செய்தாள்.

"படிச்சியா?"

"படிச்சுட்டுதான் இருக்கேன்."

"நான் அதுல எந்தப் பக்கம் தெரியுமா? நல்லா சாப்ட்ட பக்கம். முட்டை, கோகோ எல்லாம் சாப்ட்டு வளந்த பொண்ணு நான். அப்படிப்பட்டவளுக்கும் இப்படி ஆச்சுன்னு என்னைக் காட்டுவாங்க."

சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. அதை மாற்ற வேண்டும் என்றாள். ஒரு வாரம் கழித்து நேரம் வாங்கிவிட்டாள். தனியாகப் போக மனமில்லை, என்னையும் அழைத்துக்கொண்டு போனாள்.

ஆய்வாளர் ஹெதின் என்ற மனிதர் சுகாதார நிலையத்தில் ஒரு அறையில் எங்களை உட்கார வைத்தார். கம்பளி ஸ்வெட்டர், மெல்லிய குரல், காபி ஊற்றிக் கொடுத்தார். இர்மா காபியைத் தொடாமல் நேராக விஷயத்துக்கு வந்தாள்.

"கேள்வி பதினேழு. நான் எழுதினது பொய். நான் காலைல ஒண்ணும் சாப்ட்டதில்ல. அன்னிக்கும் இல்ல, எந்த நாளும் இல்ல. மாத்திடுங்க."

"இர்மா, முப்பத்துமூணு வருஷம் கழிச்சு வந்து இப்படிக் கேட்ட முதல் ஆள் நீங்கதான்" என்று அவர் புன்னகைத்தார். "ஆனா மாத்த முடியாது. அன்னிக்கு நீங்க என்ன சொன்னீங்களோ அதுதான் எங்களுக்குத் தகவல். இப்ப சொல்றது ஞாபகம். இப்ப உங்களுக்கு நோய் வந்திருக்கு, பேப்பர்ல செய்தி படிச்சிருக்கீங்க. மனசு பழசைத் திருத்தி வெச்சுக்கும். உங்க மேல சந்தேகம் இல்ல."

"சந்தேகம் இல்லன்னு சொல்லிக்கிட்டே சந்தேகப்படறீங்க. நல்லா வருது உங்களுக்கு."

அவர் கொஞ்சம் சிவந்துபோனார். "ஆயிரம் பேர்ல ஒருத்தர் நீங்க. உங்களை மாத்திப் போட்டாலும் முடிவு மாறாது."

"முடிவு மாறவேணாம். அன்னிக்கு நான் பசியோட இருந்தேன். அது எங்கயாவது ஒரு தாள்ல இருக்கணும், அவ்வளவுதான். எந்த இடத்துலயும் இல்ல. எங்க பள்ளிக்கூடத்து ரிப்போர்ட்டைப் பாத்தா சோம்பேறின்னு இருக்கு. உங்க தாளைப் பாத்தா முட்டை சாப்ட்டான்னு இருக்கு."

ஹெதின் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "ஒண்ணு செய்யலாம். அந்த நாள்ல உங்களை நேர்ல பாத்தவங்க யாராவது, என்ன பாத்தாங்கன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுக்கட்டும். நீங்களும் கூடவே கையெழுத்துப் போடுங்க. உங்க கோப்புல ஒரு குறிப்பா சேத்துடறேன். பதில் அப்படியே இருக்கும், பக்கத்துல குறிப்பு இருக்கும்."

இர்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் என் கையுறையில் பிரிந்திருந்த நூலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரும்பும் வழியில் காரில் கேட்டாள். "எழுதித் தரியா?"

"எழுதாம என்ன? எழுதறேன்." கொஞ்ச தூரம் போனதும் என் வாய் தானாகவே தொடர்ந்தது. "என்னன்னு எழுதறது? எங்க வீட்டு நடைல உக்காந்திருந்தா, நாங்க கதவைச் சாத்திட்டுச் சாப்ட்டோம்னா? அம்மா இன்னும் உயிரோட இருக்காங்க இர்மா. ஹெதினோட ஆபீஸ்ல வேலை செய்யற பொம்பளை அம்மாவோட சர்ச்சுல பாடறவ. நாளைக்கே ஊர் பூரா தெரிஞ்சுடும். எண்பத்தி ரெண்டு வயசுல அவங்களுக்கு இது தேவையா? அம்மா காலத்துக்கு அப்புறம் எழுதித் தரேன், சத்தியமா."

அம்மா ஒரு சாக்கு. எனக்கே கூசியது, அதுதான் உண்மை. என் கைப்பட என் பெயர் போட்டு அதை எழுத எனக்குத் துணிச்சல் இல்லை.

இர்மா சாலையைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தாள். "சரி" என்றாள். பிறகு, "உங்கம்மாவுக்கு நாளைக்குக் காலைல கஞ்சி நான்தான் வெக்கணும். பயப்படாத, உப்பை அள்ளிப் போட மாட்டேன்."

ஆம், அதைச் சொல்ல மறந்துவிட்டேன், மறந்தேனா தள்ளிப்போட்டேனா தெரியவில்லை. அந்த வருடம் அம்மாவுக்கு இடுப்பு எலும்பு முறிந்து, நகராட்சி காலை உதவிக்கு ஆள் போட்டது. அந்தப் பகுதி இர்மாவின் பகுதி. அதே வீடு, அதே சமையலறை. ஏழேகாலுக்குத் தன்னிடம் இருந்த சாவியால் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வருவாள்.

எனக்கு விடுப்பு கிடைத்த ஒரு செவ்வாய்க்கிழமை காலை அங்கே போயிருந்தேன். இர்மா அம்மாவை எழுப்பி உட்கார வைத்து, கஞ்சி வைத்து, ரொட்டியில் வெண்ணெய் தடவி, முட்டையைச் சரியாக நாலு நிமிடத்தில் இறக்கி, மேலே மீன்முட்டை விழுதைப் பிதுக்கினாள். யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. எல்லாவற்றையும் அம்மா முன் வைத்துவிட்டு முன்நடைக்குப் போனாள். செருப்பு பெஞ்சில் உட்கார்ந்து, மடியில் வைத்திருந்த கருவியில் அன்றைய வருகையைப் பதிவு செய்யத் தொடங்கினாள். போகும்போது சமையலறைக் கதவைத் தன் கையாலேயே சாத்தினாள்.

நான் பின்னாலேயே போனேன். "இங்க ஏன்டீ உக்காந்திருக்க?"

"சாப்பிடறவங்களப் பாத்துக்கிட்டு நின்னா அவங்களுக்குக் கூச்சமா இருக்கும்."

"நீ சாப்ட்டியா?"

"காலைல எனக்கு எறங்காது. தெரியுமே உனக்கு."

"ஒரு ரொட்டி எடுத்துட்டு வரேன் இரு."

"சும்மா இரு லிஸ்பெத்." திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இப்ப ரொட்டி வேணாம். நான் கேட்டது வேற."

அன்றைக்கே எழுதியிருக்கலாம். எழுதவில்லை. வீட்டுக்குப் போய்த் தாளை எடுத்து வைத்தேன், தேதி போட்டேன், வேறு வேலை வந்துவிட்டது. அப்படி ஐந்து வருடம் போயிற்று. ஐந்து வருடமும் வேறு வேலை வந்துகொண்டே இருந்தது. இர்மாவுக்கு முதலில் ஒரு கால்விரலை எடுத்தார்கள், அப்புறம் பாதத்தை. வேலையை விட்டாள். ஆஸ்பத்திரியில் போய்ப் பார்க்கும்போதெல்லாம் அந்தக் கடிதத்தைப் பற்றிப் பேசுவாள் என்று பயந்துகொண்டேதான் போவேன். ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. எங்கள் வீட்டிலும் அவள் எதையும் கேட்டதில்லை, பழக்கம்.

2019 அக்டோபரில் மாரடைப்பில் போய்விட்டாள். ஐம்பத்து நான்கு வயது. அம்மாவுக்கு அப்போது எண்பத்தேழு. சக்கர நடைவண்டியைத் தள்ளிக்கொண்டு சவ அடக்கத்துக்கு வந்தாள்.

தேவாலயக் கூடத்தில் காபியும், இறால் அலங்காரம் செய்த சாண்ட்விச் கேக்கும் வைத்திருந்தார்கள். இருபது பேர் இருந்திருப்போம். அம்மா தன் துண்டைக் கத்தியால் சின்னதாக வெட்டி, பக்கத்தில் இருந்தவர்களுக்கும் கேட்கும்படி சொன்னாள்: "என்ன நல்ல பொண்ணு. சின்னதுல தினம் காலைல நம்ம வீட்டுக்கு வருவா. ஒரு நாள், ஒரு நாள்கூட அது வேணும் இது வேணும்னு கேட்டதில்ல. அப்படி ஒரு வளர்ப்பு."

"அவ பசியோட உக்காந்திருந்தாம்மா" என்றேன். குரல் நான் நினைத்ததைவிடப் பெரிதாக வந்துவிட்டது. "தினமும். வருஷக்கணக்கா. அவங்க வீட்ல காலைல ஒண்ணும் கெடையாது."

அம்மா என்னைப் பார்த்தாள். திடுக்கிடவில்லை. முள்கரண்டியைத் தட்டின் ஓரத்தில் வைத்தாள்.

"தெரியும்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"தெரியாம என்ன? வயிறு கத்துதே, காது கேக்காதா? அவங்கப்பா உங்கப்பாகூட ஒரே ஆலைல வேலை பாத்தவர். அவர் பொண்ணுக்கு நான் சோறு போட்டா அவர் ஆலைல எப்படித் தலை நிமிந்து நடப்பார்? நாம அப்படி ஆளுங்க இல்ல லிஸ்பெத். ஒருத்தரை அப்படி அசிங்கப்படுத்தக் கூடாது." பிறகு துடைதாளால் வாயோரத்தை ஒற்றிக்கொண்டு, "உனக்கும்தான் தெரியும். நீ ஏன் எடுத்துக் குடுக்கல?" என்று கேட்டாள்.

மேசையில் இருந்தவர்கள் எல்லோரும் கேக்கைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். இந்த அம்மாவுக்காக ஐந்து வருடம் அந்தக் கடிதத்தை எழுதாமல் இருந்தேன் என்று நினைத்தபோது சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அவளிடம் மறைக்க ஒன்றுமே இருந்திருக்கவில்லை.

அன்று சாயங்காலமே எழுதினேன். ஒரு பக்கம். பெஞ்சு, பாதி திறந்த கதவு, சாத்திய கதவு, தம்பியின் சிரிப்பு, என் சிரிப்பு, அவள் படிவத்தில் எழுதியது யாருடைய சாப்பாடு என்பது, எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். மூன்று வாரத்தில் ஹெதினிடமிருந்து பதில் வந்தது. மிக மரியாதையான கடிதம். ஆழ்ந்த அனுதாபம். என் கடிதத்தை மனம் நெகிழப் படித்தாராம். ஆனால் குறிப்பைக் கோப்பில் சேர்க்கப் பங்கேற்பாளரின் கையெழுத்தும் வேண்டும் என்று முன்பே தெரிவித்திருந்ததை நினைவூட்டினார். பங்கேற்பாளர் இறந்துவிட்டதால் அவருடைய கோப்பு மூடப்பட்டுவிட்டது. இறுதிவரை எல்லாப் படிவங்களுக்கும் பதிலளித்த இர்மா லாந்தோவின் ஒத்துழைப்புக்கு ஆய்வுக் குழு நன்றி சொல்கிறது. என் கடிதத்தையும் உறையில் வைத்துத் திருப்பி அனுப்பியிருந்தார்.

ஆக, அந்தத் தாளின்படி இர்மா காலையில் நன்றாகச் சாப்பிட்டவள். ஓட்ஸ் கஞ்சி, ரொட்டி இரண்டு, முட்டை, கோகோ.

நான் இன்னும் பேருந்து ஓட்டுகிறேன். பள்ளிப் பிள்ளைகள் ஏழு நாற்பது வண்டியில் ஏறுகிறார்கள். பாதிப் பேர் கையில் எனர்ஜி டிரிங்க் டப்பா, ஜாக்கெட்டுக் கைக்குள் மறைத்த மின்சிகரெட், தூக்கம் கலையாத முகம். நிறையப் பேருக்கு வீட்டில் எல்லாம் இருக்கும், அவர்களுக்குத்தான் வேண்டாம், பத்து நிமிடம் கூடுதலாகத் தூங்கினால் போதும். எல்லோருக்கும் அப்படியில்லை.

போன ஜனவரியில், மைனஸ் இருபத்தாறில், இரும்பாலை நிறுத்தத்தில் ஒரு பெண் ஏறினாள். பதினைந்து வயது இருக்கும். என் பின்னாலேயே முதல் இருக்கையில் உட்கார்ந்தாள். பாலத்தருகே சிவப்பு விளக்குக்கு நின்றபோது வண்டியில் சத்தமே இல்லை, அவள் வயிறு இரைந்தது எனக்குத் தெளிவாகக் கேட்டது. கண்ணாடியில் பார்த்தேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள், காது மடல் சிவந்திருந்தது. என் பையில் வெண்ணெய் தடவிய ரொட்டி இரண்டு இருந்தன.

பாவம், அவளுக்குச் சங்கடமாக இருக்கக்கூடாது என்று நினைத்தேன். கையை நீட்டி ரேடியோவைச் சற்று உரக்க வைத்தேன்.